பதிவேடு காணாமற்போன காலை

வலியசாலையில் எங்கள் தெருவின் கடைசியில் ஒரு சிறிய புத்தக நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பழைய வீட்டின் முன்னறை, ஐந்து மர அலமாரி, ஒரு மேஜை, மாலை நான்கு மணிக்குத் திறந்து ஏழு மணிக்குப் பூட்டும் மாமி ஒருவர். பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆகையால் புத்தகம் தாமதமானால் வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் திட்டு விழும். அடியேனுக்கும் விழுந்திருக்கிறது.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படிப்பு. கணிப்பொறியை முறையாகக் கற்றவன் அல்லன். ஆனாலும் சென்ற ஆண்டு அந்தப் புத்தக நிலையத்தின் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு நாள் காலை ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களும் 87 உறுப்பினர்களும் ஒரேயடியாக மறைந்து போனார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நம் அன்பர்களில் பலர் தங்கள் ஊர் சபைக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ இதே போன்ற வேலையில் இறங்கியிருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படலாம்.

பழைய பதிவேடு நான்கு நோட்டுப் புத்தகங்கள். இடவப்பாதி மழை தொடங்கினால் கிள்ளியாற்றுப் பக்கத்து வீடுகளில் சுவர் வியர்க்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு நோட்டுகளில் மை ஊறி எழுத்து படர்ந்துவிட்டது. மூன்றாவதைக் கரையான் தொட்டிருந்தது. மாமியும், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்கள் இருவரும் மூன்று மாதம் உட்கார்ந்து, அலமாரிப் புத்தகங்களோடு ஒப்பிட்டு, எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார்கள். முடிந்ததும் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம் என்று சொன்னவன் நான். மாமி வேண்டாம் என்றார். நான்தான், “கணிப்பொறியில் இருக்கிறதே” என்று அடித்துச் சொன்னேன்.

இந்த வலியசாலைதான் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச்சாலை என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தபோது காந்தளூரை மாதிரியாக வைத்துக்கொண்டதைச் செப்பேட்டில் பதித்து வைத்தான். செப்பேடு இன்றும் இருக்கிறது. எங்கள் நோட்டுப் புத்தகம் முப்பது வருஷம் தாங்கவில்லை. இதை மாமி எனக்குப் பலமுறை சொல்லிக் காட்டிவிட்டார், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். தரவுத்தளம் என்பது அடிப்படையில் அட்டவணைகளின் தொகுப்பு. புத்தகங்களுக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்கு ஒன்று, யார் எதை எடுத்துப்போனார் என்பதற்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஓர் அட்டவணையின் வரி இன்னோர் அட்டவணையின் வரியை அந்த எண்ணால் சுட்டும். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்த முறை இது. 1974-இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை வகுத்தார்கள். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல்.

எண் எதற்கு, பெயர் போதாதா என்று கேட்கலாம். எங்கள் தெருவில் சுப்பிரமணியன் என்ற பெயரில் நான்கு உறுப்பினர்கள். அவர்களில் இருவருக்குத் தலைப்பெழுத்தும் ஒன்றே. ரயில் டிக்கெட்டில் பத்து இலக்கப் பி.என்.ஆர். எண் ஏன் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ரயிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முன்பதிவு என்றால் தடித்த நோட்டுதான். இந்த வண்டிக்கு இந்த ஜன்னல், அந்த வண்டிக்கு அந்த ஜன்னல். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் முன்தான் வரிசை. சென்னையிலிருந்து திரும்பி வர இடம் வேண்டுமானால் தந்தி போகும். பதில் வந்தால் உண்டு. 1985-இல் தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியபோது முதலில் ஒழிந்தது இந்த ஜன்னல் பிரிவினைதான். எந்த ஜன்னலில் நின்றாலும் எந்த வண்டிக்கும் டிக்கெட். ஏனென்றால் பதிவேடு இப்போது ஒரே இடத்தில் இருந்தது, ஜன்னல்கள் அதைக் கேட்டு எழுதின. ஆனாலும் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களும் தனித் தனித் தீவுகளாகத்தான் இருந்தன. ரயில்வேயின் கணிப்பொறி அமைப்பான கிரிஸ் உருவாக்கிய ‘கான்செர்ட்’ என்ற மென்பொருள் 1994-இல் செகந்திராபாதில் தொடங்கி, 1999-இல் ஐந்தையும் இணைத்து முடித்தது. அதன் பிறகே எங்கிருந்தும் எங்கும் என்பது முழு உண்மையாயிற்று. நான் அந்தப் பிரிவில் வேலை பார்த்தவன் அல்லன். இருந்தாலும் பதிவேட்டை அடையும் வழி சரியாக அமையாவிட்டால் பதிவேடு இருந்தும் இல்லாத மாதிரிதான் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

எங்கள் புத்தக நிலையத்துக்கான புரோகிராமை முதலில் எழுதித் தந்தவன் என் தங்கையின் பேரன். பெங்களூரில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டான். பைத்தான் மொழி. தரவுத்தளமாக எஸ்.க்யூ.லைட். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் மென்பொருள் வேலையில் ஈடுபட்டிருந்த ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் உருவாக்கியது இது. தனியாக ஒரு சர்வர் வேண்டாம், பதிவேடு முழுவதும் ஒரே ஒரு ஃபைல். நம் கைப்பேசிக்குள்ளும் அதுதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி என்ற ஒரு தொகுப்பு. மைக்கேல் பேயர் என்பவர் 2006-இல் வெளியிட்டது.

இந்த நடுவில் இருப்பதற்குத்தான் ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பிங் என்று பெயர், சுருக்கமாக ஓ.ஆர்.எம். இது செய்யும் வேலையை ஒரு துபாஷியின் வேலை எனலாம். புரோகிராம் எழுதுகிறவன் ‘புத்தகம்’, ‘உறுப்பினர்’, ‘கடன்’ என்று பொருள்களாகவே நினைத்து எழுதுவான். கடன் என்ற பொருளைக் கையில் எடுத்து ‘இதன் உறுப்பினர் யார், அவர் பெயர் என்ன’ என்று கேட்பான். துபாஷி அதை எஸ்.க்யூ.எல். ஆக்கி அட்டவணையிடம் கேட்டு, வந்த வரியை மறுபடி பொருளாக்கித் தருவான். ஜாவா மொழிக்காரர்களுக்கு 2001-இல் வந்த ஹைபர்னேட் இதே காரியத்தைச் செய்கிறது.

அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரே ஒரு உதாரணம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். இது ஒரு புத்தகமா, ஐந்தா? வாசகருக்கு ஒன்று. அலமாரிக்கு ஐந்து. மூன்றாம் பாகத்தை ஒருவர் எடுத்துப்போய்விட்டால் மற்ற நான்கும் சும்மா கிடக்கும் என்பது மாமியின் நெடுநாள் வேதனை. ஆகவே தலைப்புக்கு ஓர் அட்டவணை, பிரதிக்கு ஓர் அட்டவணை என்று பிரித்தோம். ஒரு தலைப்பு வரியை ஐந்து பிரதி வரிகள் சுட்டும்.

தரவுத்தளத்தோடு இணைக்கும் இடம் புரோகிராமில் ஒரே ஒரு வரிதான். எந்த வகைத் தரவுத்தளம், அது எங்கே இருக்கிறது என்பதை ஒரு முகவரியாக எழுதித் தரவேண்டும். எஸ்.க்யூ.லைட் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, பிறகு ஃபைலின் பெயர். பையன் அப்படித்தான் எழுதியிருந்தான். அடுத்து, பொருள்களின் வரையறையைப் பார்த்து அட்டவணைகள் இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ளும்படி ஒரு கட்டளை. எல்லாம் நன்றாக ஓடியது.

இதைத் தவிர செட்டப் என்று தனியாக ஒரு ஃபைல் வைத்திருந்தான். ஆரம்பத்தில் அட்டவணைகளின் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தபோது எழுதியது. வரையறையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் அட்டவணையில் அது தானாகச் சேராது. இல்லாததை உண்டாக்கத்தான் அந்தக் கட்டளைக்குத் தெரியும், இருப்பதைத் திருத்தத் தெரியாது. எனவே எல்லா அட்டவணைகளையும் அழித்துவிட்டு மறுபடி உண்டாக்குவதுதான் அந்தச் செட்டப்பின் வேலை. சோதனை காலத்தில் அது வசதி. வேலை முடிந்ததும் அதை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். அவனும் மறந்தான், நானும் திறந்து பார்க்கவில்லை.

எங்கள் கணிப்பொறி பழையது. லினக்ஸ் போட்டிருக்கிறோம். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் இருபது வருஷமாகப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள் என்பதால் தெருவில் யாரைக் கூப்பிட்டாலும் உதவி கிடைக்கும். மாமிக்குக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் புரோகிராமைத் தொடங்குவது பிடிக்கவில்லை. “ஒரு படத்தை அமுக்கினா வர மாதிரி பண்ணித் தாங்கோ” என்றார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு நானே உட்கார்ந்து, முகப்புத் திரையில் ஒரு புத்தகப் படம் வைத்து, அதை அமுக்கினால் புரோகிராம் திறக்கும்படி செய்துவிட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சில பிள்ளைகளுக்காக மாமி சீக்கிரமே திறந்திருந்தார். படத்தை அமுக்கினார். புரோகிராம் வந்தது. புத்தகங்கள்: பூஜ்யம். உறுப்பினர்கள்: பூஜ்யம். பிழை என்று ஒரு வரி கூட இல்லை. புதிதாகக் கட்டிக் குடிபோகாத வீடு மாதிரி சுத்தமாக இருந்தது.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பழைய பேப்பர்காரன் முகம். பெங்களூருக்குப் போன் போட்டேன். பையன் தூக்கத்தில் இருந்தான். “தாத்தா, அட்டவணையில ஏதோ கோளாறு. அந்தச் செட்டப்பை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கோ, சரியாயிடும்” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பாதித் தூக்கத்தில் என்னிடமும் ஸ்டேஷன் மாஸ்டர்கள் கேட்டு நான் பதில் சொன்னதுண்டு.

புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போகவேண்டும். அதற்காக முதலில் ஃபைல்கள் பட்டியலைத் திறந்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்ற மாமி, “இது என்ன புதுசா? நேத்திக்கு இங்கே இது இல்லையே” என்றார்.

வெளி ஃபோல்டரிலேயே, நம் பதிவேட்டின் பெயரைத் தாங்கி ஒரு ஃபைல் இருந்தது. அளவு சில கிலோபைட். உள் ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொன்று. அது பல மடங்கு பெரியது. கை நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். மூன்று சாய்கோட்டுக்குப் பின் பெயரை மட்டும் எழுதினால், ‘புரோகிராம் இப்போது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறதோ அங்கே அந்தப் பெயருள்ள ஃபைல்’ என்று அர்த்தம். கறுப்புத் திரையில் தொடங்கியவரை நாங்கள் உள் ஃபோல்டருக்குள் போய் நின்றுதான் தொடங்கினோம். படத்தை அமுக்கியபோது அது வெளி ஃபோல்டரில் நின்று ஓடிற்று. அங்கே அந்த ஃபைல் இல்லை. எஸ்.க்யூ.லைட் என்ன செய்தது? காணோம் என்று சொல்லவில்லை. காலியாகப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. அட்டவணை இல்லையே என்று துபாஷி கேட்டிருக்க வேண்டும். ஆனால் இல்லாவிட்டால் உண்டாக்கு என்று அவனுக்குத்தான் கட்டளை இருக்கிறதே, அவனும் உண்டாக்கிக்கொண்டான். இரண்டு பேரும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்ததால் பதிவேடு காணாமற்போயிற்று.

பதிவேடு பத்திரமாக உள் ஃபோல்டரில் இருந்தது. நான் அந்த ஃபோல்டருக்குள் போய்ச் செட்டப்பை ஓட்டியிருந்தால், அதாவது இன்னும் அரை நிமிஷத்தில், மூன்று மாத உழைப்பும் நிஜமாகவே அழிந்திருக்கும். நகல் எடுத்து வைத்திருந்தீர்களா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.

சிக்னல் பிரிவில் ஒரு பாடத்தை முதல் மாதத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். எந்தக் கருவியும் பழுதாகும். பழுதானால் கைகாட்டி சிவப்புக்குப் போகவேண்டும். கம்பி அறுந்தால் சிவப்பு, மின்சாரம் போனால் சிவப்பு, ரிலே ஒட்டாவிட்டால் சிவப்பு. வண்டி நிற்கும், பயணிகள் திட்டுவார்கள், யாரும் சாகமாட்டார்கள். இதை ‘ரைட் சைடு ஃபெயிலியர்’ என்போம். பழுதாகியும் பச்சை காட்டினால் அது ‘ராங் சைடு ஃபெயிலியர்’. அதற்கு விசாரணை, அறிக்கை, தண்டனை எல்லாம் உண்டு. இங்கே நடந்தது சுத்தமான ராங் சைடு. பதிவேட்டைக் காணாதபோது புரோகிராம் சிவப்பு காட்டி நின்றிருக்க வேண்டும். பச்சையைக் காட்டிக்கொண்டு காலிப் பாதையில் எங்களை விட்டுவிட்டது.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. ஒரு பாயிண்ட் மோட்டாரையோ சிக்னலையோ தொடுவதற்கு முன் டி/351 படிவத்தில் ‘இதைக் கழற்றப்போகிறேன்’ என்று எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அவர் கையெழுத்திடும்வரை ஸ்பேனர் பையிலேயே இருக்கும். முப்பத்தைந்து வருஷம் அதைச் செய்தவன், ஒரு சனிக்கிழமை காலையில் போனில் கேட்டதை நம்பி ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

அன்றே இணைப்பு வரியைத் திருத்தினோம். லினக்ஸில் நான்கு சாய்கோடு போட்டால் முழு முகவரி என்று பொருள். மேல் ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஃபைல்வரை எழுதிவிட்டோம். எங்கே நின்று ஓடினாலும் ஒரே பதிவேட்டுக்குத்தான் போகும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு மூன்று சாய்கோட்டுக்குப் பின் டிரைவின் எழுத்திலிருந்து முழுதாக எழுதவேண்டும். இதோடு, ஃபைல் இருந்தால் மட்டும் திற, இல்லாவிட்டால் பிழை காட்டு என்று எஸ்.க்யூ.லைட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதையும் சேர்த்தோம். அட்டவணை உண்டாக்கும் கட்டளையை அன்றாடப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டோம். செட்டப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கணிப்பொறியிலிருந்து அழித்துவிட்டோம். அந்தப் பென்டிரைவ் மாமியின் அரிசி டப்பாவில் இருப்பதாகக் கேள்வி. தினமும் பூட்டும் நேரத்தில் பதிவேட்டு ஃபைல் தேதியோடு நகலாகிறது. வாரம் ஒருமுறை அந்த நகல் என் வீட்டுக்கு வருகிறது.

பெரிய தரவுத்தளமாக, போஸ்ட்கிரஸ், மைஎஸ்.க்யூ.எல். போல இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. அன்றாடப் புரோகிராம் நுழையும் பயனர் பெயருக்கு வரிகளைப் படிக்க, எழுத மட்டும் அதிகாரம் கொடுத்து, அட்டவணையை அழிக்கும் அதிகாரத்தைத் தரவே கூடாது. அட்டவணை திருத்துவதற்கு வேறு பெயர், வேறு சாவி. எஸ்.க்யூ.லைட்டில் பயனர் பெயரே கிடையாது. ஃபைலைத் தொட முடிந்தவன் எல்லாவற்றையும் செய்யலாம். அங்கே அரிசி டப்பாதான் வழி.

காணாமற்போன கதை அத்துடன் முடிந்தது. ஆனால் அது என் கண்ணைத் திறந்துவிட்டதால் வேறு சிலவற்றையும் தோண்ட ஆரம்பித்தேன். சிலது வேடிக்கையாக இருந்தது.

முதல் வாரத்திலேயே மாமி ஒரு புகார் சொல்லியிருந்தார். முப்பது புத்தகம் ஏற்றினாராம், பட்டியலில் பார்த்தாராம், மறுநாள் ஒன்றும் இல்லையாம். அவர்தான் ஏதோ தவறாக அமுக்கியிருப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது சரி. துபாஷியோடு பேசும் ஒவ்வொரு அமர்வும் பென்சிலில் எழுதுகிற மாதிரி. அதே அமர்வில் கேட்டால் எழுதியது தெரியும். ‘கமிட்’ என்று சொன்னால்தான் மையாகும். சொல்லாமல் மூடினால் ரப்பர் போட்டு அழித்துவிடும். மொத்தமாக ஏற்றும் பக்கத்தில் அந்த ஒரு சொல்லை எழுத மறந்திருந்தோம். மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். “கணக்கு டீச்சர் எண்ணினா தப்பா இருக்குமா?” என்றார்.

அமர்வை மூடாமல் வைத்தாலும் தொல்லை. ஒரு ஜன்னலில் பாதி எழுதிவிட்டு மாமி காபி குடிக்கப் போனால், இன்னொரு ஜன்னலில் அந்தப் பெண் எழுத முயலும்போது ஐந்து வினாடி காத்துவிட்டுப் ‘பூட்டப்பட்டிருக்கிறது’ என்ற பிழை வரும். எஸ்.க்யூ.லைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். எனக்கு இது பிடித்திருந்தது. ஒற்றைப் பாதையில் நீல் பால் டோக்கன் கருவியும் இப்படித்தான். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு பந்து வெளியே இருக்கும்வரை எந்தப் பக்கக் கருவியும் இன்னொரு பந்தைக் கொடுக்காது. கோபித்துப் பயனில்லை. வெளியே போன பந்து திரும்பி வரவேண்டும்.

பெயர்த் தேடலில் வந்த கோளாறுதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. பிரதிகள் பட்டியலில் ‘பொன்னியின்’ என்று தேடினால் நான்கு பாகம்தான் வந்தது. இரண்டாம் பாகம் கண்ணெதிரே அலமாரியில் இருக்கிறது, திரையில் பெயரும் ஓர் எழுத்து பிசகாமல் இருக்கிறது, தேடினால் வரவில்லை. கடைசியில் காரணம் ‘பொ’ என்ற எழுத்தில் இருந்தது. யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஓர் ஒற்றைக்கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு வேறு வேறு. அந்த ஒரு வரியை யாரோ பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஏற்றும்போதே எல்லா எழுத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானில் இருக்கிறது. அதைத் துபாஷியின் வாசலில் நிறுத்தி வைத்தோம். தமிழில் பதிவேடு வைக்கும் யாரும் இதை முதல் நாளே செய்துகொள்ள வேண்டும். அகரவரிசையும் இப்படித்தான். நம் வரிசையில் வகரத்துக்குப் பின்தான் ளகரம். யூனிகோடில் ளகரம் முன்னால் நிற்கிறது. எனவே ‘கள்வனின் காதலி’ என்ற பெயர், ‘கவிதை’ என்று தொடங்கும் பெயர்களுக்கு முன்னால் வந்து நின்றது. மாமி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மிச்சமிருப்பது மூன்றாம் பாகம்.

ஒரு வங்கி ஊழியர், வாடகைக்கு இருந்தவர், எங்கள் கடைசி உறுப்பினர், எண் 87. மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு மாமி அவர் பெயரை அழித்துவிட்டார். சில நாள் கழித்துத் தெருவுக்குப் புதிதாக வந்த ஒருவர் சேர்ந்தார். புத்தகம் ஒன்றும் எடுக்கவில்லை. மறுவாரம் வந்தபோது மாமி திரையைப் பார்த்துவிட்டு, “பொன்னியின் செல்வன் மூணாம் பாகம் உங்ககிட்ட நாலு மாசமா இருக்கே” என்றார். தெருவுக்கு வந்தே பத்து நாள் ஆனவர். பாவம், முகம் வெளுத்துப்போயிற்று.

ஓர் அட்டவணை இன்னொன்றைச் சுட்டும்போது, சுட்டப்பட்ட வரியை அழிக்க விடாமல் தடுப்பது தரவுத்தளத்தின் வேலை. துபாஷியிடம் இந்தச் சுட்டுதலை நாங்கள் எழுதித்தான் இருந்தோம். ஆனால் எஸ்.க்யூ.லைட் அந்தத் தடுப்பைத் தானாகச் செயல்படுத்தாது. ஒவ்வொரு இணைப்பின்போதும் ‘இதைக் கவனி’ என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை. ஆகவே 87-ஐ அழிக்க விட்டுவிட்டது. கடன் வரி 87 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அடுத்து, கடைசி எண் அழிந்தால் அடுத்தவருக்கு அதே எண்ணைத் திரும்பக் கொடுப்பதும் அதன் இயல்பு. அதையும் வேண்டாமென்று நாம்தான் சொல்லவேண்டும். புதியவருக்கு 87 கிடைத்தது, கூடவே மூன்றாம் பாகமும்.

இப்போது இரண்டையும் சொல்லிவிட்டோம். கடன் இருக்கும் உறுப்பினரை அழிக்கப் போனால் சிவப்பு காட்டி நிற்கிறது. போன எண் திரும்பி வருவதில்லை. அதற்கும் மேலே, யாரையும் அழிப்பதே இல்லை என்று ஒரு முடிவெடுத்து, ‘விலகிய தேதி’ என்று ஒரு பத்தி சேர்த்தோம். அந்தப் பத்தியைச் சேர்க்கச் செட்டப்பைத் தேடவில்லை. நகல் எடுத்து, நகலில் சோதித்து, பிறகு அட்டவணையில் பத்தியைச் சேர்க்கும் எஸ்.க்யூ.எல். கட்டளையை நானே எழுதினேன். தொடங்குமுன் ஒரு தாளில் ‘உறுப்பினர் அட்டவணையைத் திருத்தப்போகிறேன்’ என்று எழுதி மாமியிடம் கையெழுத்தும் வாங்கினேன். என்ன பைத்தியம் இது என்று பார்த்தார். பார்த்துவிட்டு நேரத்தையும் குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

புதியவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். முதல் இரண்டு பாகங்களை எடுத்துப்போயிருக்கிறார். வங்கிக்காரரின் இப்போதைய ஊர் மாமிக்குத் தெரியும், எந்த அட்டவணையிலும் இல்லாமலே. ஓணத்துக்கு இந்தப் பக்கம் வரும்போது புத்தகத்தைக் கொண்டுவருவதாகப் போனில் சொன்னாராம். புதியவர் இரண்டாம் பாகத்தில் பாதி தாண்டிவிட்டார்.